முளைக்காத இதயம் உள்ள பெரியப்பாவுக்கு

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய பெரியப்பா அப்பாசாமி அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் தேவிப்ரியா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆய்வகத்து மீன்கள் எல்லோரும் நலம். மீன்களில் இரண்டு மட்டும் நலமில்லை. அது ஏன் என்று உங்களுக்கே தெரியும். அங்கே நீங்களும் நலமில்லை என்பதை உங்களுக்குத் தெரியப்படுத்தவே இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனை எடுத்ததும் "சொல்லு டாக்டரு" என்கிறீர்கள், ஸ்பீக்கரைப் போட்டு டீக்கடை பெஞ்சில் வைத்துவிடுகிறீர்கள், அப்புறம் யார் யாரோ முட்டி வலிக்கு மருந்து கேட்கிறார்கள். எனக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லவே கூச்சம். நம் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், நான் படித்தது என்ன என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். படித்தது விலங்கியல், பெரியப்பா. செங்கம் ரோட்டில் ஒரு பழைய கெஸ்ட் ஹவுஸை வாடகைக்கு எடுத்து நடத்துகிற ஆய்வகத்தில் நான் உதவியாளர். கருவில் இதயம் எப்படி உருவாகிறது, அடிபட்ட இதயம் எப்படித் திரும்ப வளர்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். ஆராய்வது கவியா மேடமும் இனியன் சாரும். நான் மீனுக்குத் தீனி போடுகிறேன், தொட்டி கழுவுகிறேன். போட்டோவில் என் கழுத்தில் நீங்கள் பார்த்தது ஸ்டெதஸ்கோப் இல்லை. தொட்டித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் ரப்பர் குழாய்.

பௌர்ணமி அன்று கிரிவலம் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்தீர்கள், சந்தோஷம். பின்னாலேயே ஊர்க்காரர்கள் ஈசிஜி தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றியதைப் பார்த்து மேடம், "எவ்ளோ சுத்தமா இருக்காரு உங்க பெரியப்பா" என்று என்னிடம் மெச்சினார். அவர் வாயை மூடுவதற்குள் மடியிலிருந்து பொரியை அள்ளி, கோயில் குளத்தில் போடுவதுபோல் தொட்டியில் தூவிவிட்டீர்கள். மறுநாள் அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போட்டிருந்த மீன்கள் அவை. இனியன் சார் அலறிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, அதுங்க இன்னிக்கு எதுவும் சாப்பிடக் கூடாது!" நீங்கள் பக்தியோடு கேட்டீர்கள், "பௌர்ணமி விரதமா தம்பி?"

அப்போதாவது நான் உங்களை வெளியே அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குள் மேடம் உங்களை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்துவிட்டார். பிறக்காத மீன்குஞ்சு, கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே கடுகளவு இதயம் துடிக்கிறது. நீங்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டீர்கள். மனிதர்களைவிட மீன்களிடம் அதிகம் பேசிப் பழகிய மேடத்துக்கு, கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். "பெருசானப்புறம் இதோட இதயத்துல ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும், ரெண்டு மாசத்துல மறுபடி வளந்துடுங்க" என்றார். "வெட்டினாலுமா?" "வெட்டினாலும்." அடுத்து அவர் சொன்னது, "மனுஷனுக்கு மட்டும் அப்படி வளராதுங்க, தழும்புதான் விழும்" என்று. அதைக் கேட்க நீங்கள் நாற்காலியில் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு தொட்டிப் பக்கம் போயிருந்தீர்கள்.

கால் வலிக்கு ஆட்டுக்கால், ரத்தம் கம்மி என்றால் ஆட்டுச் சுவரொட்டி, அப்படியானால் நெஞ்சுக்கு? உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பிடித்துக்கொண்டு போன இரண்டும் தனித் தொட்டியில் இருந்தவை. இதயத்தை வெட்டி, அது திரும்ப வளர்வதை மேடம் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்த மீன்கள். சரசு பெரியம்மா பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாயா இது, கொசுவுக்கு அக்கா மாதிரி இருக்குது, இத்தப் போயி எப்பிடிக் கொழம்பு வெக்கறது?" என்று கேட்டாராம். ஆனாலும் வைத்திருக்கிறார். ஆய்வகத்தில் செத்துப்போகிற ஒவ்வொரு மீனுக்கும் காரணம் எழுத வேண்டும். இனியன் சார் என்னிடம், "புளின்னு எழுதட்டுமா?" என்று கேட்டார். நான் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

இத்தோடு போயிருந்தால் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். இன்று காலையில் சரசு பெரியம்மா ஆய்வகத்துக்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். திங்கட்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்க்க வேண்டும், நீங்கள் பைலைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டீர்களாம். "ஸ்டென்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம், நம்ம வூட்லயே டாக்டரு இருக்குது, தானா முளைக்கும்" என்கிறீர்களாம். "நடந்தா மூச்சு வாங்குது பாப்பா. நின்னுக்குறாரு. இன்னான்னு கேட்டா பயிரைப் பாக்கறேன்றாரு. தார் ரோட்டுல இன்னா பயிரு?" என்று பெரியம்மா கேட்டார்.

பெரியப்பா, போன மாதம் உங்களுக்கு வந்தது வாயு இல்லை, மாரடைப்பு. சோடா குடித்ததும் ஏப்பம் வந்தது, அவ்வளவுதான். இதயத்தில் ஒரு பக்கம் தழும்பு விழுந்துவிட்டது. மீனுக்கு அந்தத் தழும்பு கரைந்து புதுச் சதை வளரும். நமக்குத் தழும்பு தழும்பாகவே இருக்கும். இது ஏன் என்றுதான் மேடமும் சாரும் இத்தனை வருஷமாகத் தேடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் முதலில் உங்களிடம்தான் ஓடி வந்து சொல்வேன். சொல்லும்போது கேட்பதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

ஆகவே கடைசியாக ஒருமுறை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று சொல்லக்கூடத் தைரியம் இல்லாதவள். எனக்கு மனித இதயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் வேலூரில் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

பெரியம்மாவுக்கும் கறவை மாட்டுக்கும் என் அன்பு. டீக்கடை பெஞ்சுக்கும் வணக்கம் சொல்லவும். அண்ணாமலையார் உங்களைக் காப்பாற்றட்டும், திங்கட்கிழமை காலை வேலூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் பிடித்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தேவிப்ரியா

பி.கு.: கடிதத்தை மடித்துப் பெரியம்மாவிடமே கொடுத்தனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா நீ டாக்டரு இல்லன்னா நீ சொல்றத அந்த ஆளு எதுக்குக் கேக்கணும்? நானுந்தான் டாக்டரு இல்ல, தினம் சொல்றேன், கேட்டாரா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆகவே மேலே எழுதியதெல்லாம் என் தன்னடக்கம், அதை விட்டுவிடவும். நான் இதய டாக்டர்தான். உங்களுடையது முளைக்கிற ரக இதயம், அன்றைக்கு உங்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் எந்த நாற்று முளைக்கும்? முதலில் அடைப்பை எடுத்தாக வேண்டும். அது சின்ன வேலை என்பதால் நான் செய்வதில்லை, வேலூரில் என் ஜூனியர்கள் பார்த்துக்கொள்வார்கள். தலை நரைத்த ஜூனியர்களும் அங்கே உண்டு, வயதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் அனுப்பினேன் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பயத்தில் கை நடுங்கும்.