ஏரி இல்லாத புது வெர்ஷன்

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டின் மீது ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. உலக நிர்வாகத்துக்கே வழிகாட்டிய 'மவுஸ் புரட்சி' 2007-இல் எங்கள் கண்டிகை கிராமத்தில்தான் நடந்தது.

பஜாரில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த அர்ஷத், நாடுபிடிக்கும் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குச் சொந்தமாக மேப் செய்வான். எங்கள் ஊரை ஏரி, நெற்களம், மாதா குருசடி உட்பட அப்படியே வரைந்து இணையத்தில் ஏற்றினான். போலந்துக்காரர்கள் நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டு எங்கள் ஏரியில் போர்க்கப்பல் விட்டார்கள்.

அச்சமயம் தொழிற்பேட்டைக்கு நிலமெடுக்க வந்தார் தனி அதிகாரி வரதன். மகா உழைப்பாளி, வெயிலில் இறங்கி அளப்பது உழைப்புக்கே அவமானம் என்று கருதியவர். ஆபீஸ் வரைபடத்தைக் கரையான் ஏற்கெனவே 'பரிசீலித்து' முடித்திருந்தது. ஆகவே அர்ஷத்தின் மேப்பையே இறக்கச் சொன்னார். ஒரே குறை, நடுவில் ஏரி. ஏரி இருந்தால் பேட்டைக்கு அனுமதி கிடைக்காது.

"இத எடுக்க முடியுமாப்பா?"

"மேப்புல ஒரே க்ளிக்கு சார். ஆனா ஏரி போச்சுன்னா கப்பல் எங்க ஓடும்? ஆட்டமே பேஜாராயிடும்."

"கப்பல் கெடக்குது. க்ளிக் பண்ணு."

தலைமுறை தலைமுறையாக வெட்டிய ஏரி அரை நொடியில் தரிசாயிற்று. ஒரு கூடை மண் செலவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் புது மேப் திரையில் ஒளிர்ந்தது. மூலையில் அர்ஷத் எடுக்க மறந்த ஆட்டத்துப் பீரங்கிகள் இரண்டு, 'பாதுகாப்பு ஏற்பாடு' என்று குறிப்பேட்டில் ஏறின. ஏரித் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருந்த ஆரோக்கியமேரி எழுந்தாள்.

"இன்னா சார், எங்க ஏரியக் காணோம்?"

"நீங்க சொல்றது பழைய வெர்ஷன்மா."

"காலைல அதுலதான் துணி தொவச்சுக்கினு வந்தேன். தோ பாரு, பொடவ இன்னும் ஈரம்!"

"புடவைய ஆவணமா ஏத்துக்க ரூல் இல்லம்மா."

"அப்ப எங்க நெல்லுக்குத் தண்ணி? அந்தப் பீரங்கி பாய்ச்சுமா?"

இதற்கு விதிகளில் பதில் இல்லாததால், கேள்வி கேட்கப்படவில்லை என்று பதிவாயிற்று.

"ஏரி இல்லைன்னு ஊர்க்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் வரதன்.

ஒருவர் எழுந்துபோய்ப் போட்டார். கூட்டம் இனிதே நிறைவுற்றது. மறுவாரம் லாரிகள் வந்து, தரையையும் மேப்பின்படி திருத்தின.

இன்று ஆரோக்கியமேரி, தன் நெல் விளைந்த அதே இடத்தில் கம்பெனித் தரையைத் துடைக்கிறாள். முன்பு வெயில், இப்போது நிழல். முன்னேற்றம் என்றால் வேறென்ன? நாகரிகம் தெரியாத போலந்துக்காரர்கள்தான் இன்னும் பழைய மேப்பில் கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

என் மகன் அந்தக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அந்தக் கையெழுத்து என்னுடையது.