லீவு எடுக்கத் தெரியாத சைரன்காரர்

குன்னூர் மலையில் மேகம்கூட எங்கள் சைரன்காரரைக் கேட்டுத்தான் இறங்கும் என்று சத்தியம் செய்வேன். அப்படி ஒரு நேரக்காரர். டீ ஃபேக்டரியில் சைரன் ஊதி ரிட்டயர் ஆனவர், தனிக்கட்டை. என் வீட்டு மாடியில் குடியிருந்தார். வீடு என்றால் சும்மா இல்லை. மூணாங்கிளாஸ் தாண்டாத நான் கேரட் மூட்டை சுமந்து கட்டிய மூன்று மாடி. பிள்ளைகள் ஆளுக்கொரு மாடியில் இருக்கட்டும் என்று கட்டினேன். அவர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள்.

பல் தேய்க்கக்கூட "பூம்ம்ம்" என்று வாயாலேயே சைரன் கொடுத்துக்கொள்வார். அடுத்த "பூம்ம்ம்" வந்தால்தான் கொப்பளிப்பார்.

தனியே சோறு தின்று அலுத்தவருக்கு ஓர் ஆசை. மேட்டுப்பாளையம் கல்யாண பேண்ட் செட் ஆட்களோடு வேனில் போகவேண்டும். கிளாரினெட் வாங்கினார். பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "பாட்டு எல்லாரும் வாசிப்பாங்க. மாப்பிள்ளை கார் லேட்டானா சொந்தமா இழுத்து வாசிக்கோணும். அதப் பழகீட்டு வாங்க."

காலையில் 'டூட்டி': ஸ்வர வரிசை. ஒரு பிசிறு இருக்காது. கீழே தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமை அசையாமல் கேட்கும். "பூம்ம்ம்." அடுத்து 'லீவு': மனம்போன வாசிப்பு. காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காட்டுக்கே போய்விடும்.

"ஏனுங்க மொதலாளி, மாட்டுக்கே புடிக்கலீங்களே!" என்று என்னிடம் வந்து நின்றார்.

"நான் எந்த வரிசை படிச்சு யாவாரம் பண்ணுனேன்? டூட்டியத் தூக்கிக் கடாசுங்க. முழுசும் லீவுதான்!"

என் யோசனையைக் கேட்டுக் கெட்டவர் இவர் ஒருவர்தான். ஒரு வாரம் கிளாரினெட் கீரிப்பிள்ளை போலக் கத்தியது. பிறகு சத்தமே இல்லை. மேலே போய்ப் பார்த்தேன். கருவியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சர்வீஸ்ல லீவே எடுத்ததில்லீங்க. போறதுக்கு ஒரு ஊடு வேணுமல்லங்க? வாசிக்கறப்பவும் அதே கததான். கெளம்பீர்றேன், எங்க போறதுன்னு தெரியறதில்ல."

எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? "கீழ எங்க ஊட்டுக்கு வாங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மறுநாள் மாடியில் வரிசையைத் தொடங்கி, படியிறங்கும்போது இஷ்டத்துக்கு வாசித்து, என் முன்னால் வந்து நின்றார். டீ குடித்தார். திரும்பவும் இஷ்டம்போல் வாசித்துக்கொண்டே படியேறி, அறைக்குள் நுழையும்போது சரியாக வரிசையில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் கேட் வரை. அப்புறம் ரோட்டு வளைவு வரை. பனிக்குள் ஆள் தெரியாது. எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கிளாரினெட் மட்டும் வீடு திரும்பும். காட்டெருமை அப்போது வருவதில்லை. கேட்க நான் ஒருவன்தான்.

பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அந்த ஆட்களோடு மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டார்.

மாடி காலியா என்று வாரம் ஒருவர் வந்து கேட்கிறார்.

"இல்லீங்க. ஆள் லீவுல போயிருக்காரு" என்கிறேன்.