ஆட்டக்காரனுக்கு மின்கட்டணம் யார் கட்டுவது?

ஒரு கால்பந்தாட்டக்காரனுக்கு உண்டான மின்கட்டணத்தையும் தண்ணீர் வரியையும் யார் கட்ட வேண்டும் என்று யோசித்து, அதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பத்திரம் அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே அவருடைய டைப்பிங் கடை. கம்ப்யூட்டர் ஒன்று, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, மூக்குக்கண்ணாடி இரண்டு. பகலெல்லாம் வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை என்று அடித்துத் தள்ளுவார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், கட்சிக்காரரைப் பாதிப் பத்திரத்தில் விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார். எங்கள் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர், பயிற்சியாளர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாம் அவரேதான். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே, ஜெயிக்கப் போகும் கோப்பையை வைக்க ஒரு பலகை அடித்திருந்தார். ஒன்பது வருஷமாக அதில் பழைய காலண்டர்கள்தான் இருந்தன.

வெளிநாட்டு கிளப்புகள் ஆட்டக்காரர்களை ஒரு சீசனுக்கு இரவல் கொடுத்து வாங்குவதைக் கைப்பேசியில் பார்த்தாலும் பார்த்தார், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏலே, இது நம்ம தொழில்லா! வீட்ட வாடகைக்கு விடுத மாதிரி ஆள விடுதான்! இங்கன பெஞ்சில உக்காந்து துருப்புடிக்கவன் அங்கன போயி ஆடிப் பழகுவான். நமக்கு ஆள் கொறஞ்சா அடுத்தவன்ட்ட இருந்து ஒருத்தன எடுத்துக்கிடலாம். சீசன் முடிஞ்சா அவனவன் வீட்டுக்கு!"

அன்றைக்கே ஒப்பந்தம் தயாரானது. எப்படி என்கிறீர்கள்? கம்ப்யூட்டரில் இருந்த வீட்டு வாடகை ஒப்பந்தத்தைத் திறந்தார். 'வீடு' என்று வந்த இடத்திலெல்லாம் 'ஆட்டக்காரர்' என்று மாற்றினார். அவ்வளவுதான். 'மேற்படி ஆட்டக்காரரை உள்வாடகைக்கு விடக்கூடாது. மேற்படி ஆட்டக்காரரில் ஆணி அடிக்கக்கூடாது. மேற்படி ஆட்டக்காரருக்கு உண்டான மின்கட்டணம், தண்ணீர் வரியை இரண்டாம் பார்ட்டியே கட்டவேண்டியது. காலக்கெடு முடிந்ததும், இயல்பான தேய்மானம் நீங்கலாக, எவ்விதச் சேதாரமும் இன்றி ஒப்படைக்கவேண்டியது.'

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"சிரிங்கலே, நல்லாச் சிரிங்க. ஒருநா இந்தத் தாள்தான் நம்மளக் காப்பாத்தும்" என்றார்.

காப்பாற்றத்தான் செய்தது. கடற்கரை ஊர் கிளப் ஒன்றிலிருந்து ஒரு கோல்கீப்பரை இரவல் எடுத்தோம். வலை இழுத்த கை. அதற்குள் பந்து போனால் திரும்பி வராது. சீசன் முடிந்து அவன் வீங்கிய விரலோடு ஊர் போக, மறுநாளே அந்த கிளப்காரர் கடைக்கு வந்து நின்றார்.

"சேதாரம் ஆயிருக்கே அண்ணாச்சி!"

"கோல்கீப்பருக்கு விரல் வீங்குதது இயல்பான தேய்மானம்வே. குடியிருந்த வீட்டுல வாசப்படி தேயாதா?"

வந்தவர் பத்திரத்தை இரண்டு தரம் படித்துவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

களக்காட்டுக்காரர்கள் எங்கள் தடுப்பாட்டக்காரனை இரவல் வாங்கி, சத்தமில்லாமல் வேறொரு டீமுக்கு ஆட அனுப்பிவிட்டார்கள். சேதி வந்ததும் அண்ணாச்சி பஸ் ஏறினார். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே பத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். "உள்வாடகை! உள்வாடகை!" என்று அவர் போட்ட சத்தத்தில் நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தே விட்டார். பையனைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் அண்ணாச்சி திரும்பினார்.

இனி என் கதை. கொரியர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் அந்த கிளப்பில் பெஞ்சைத் தேய்த்தவன் நான். ஆட்டம் நடக்கும், நான் தண்ணீர் பாட்டில் நிரப்புவேன். என் முறை வந்தபோது அண்ணாச்சி என்னை வள்ளியூர் கிளப்புக்கு இரவல் எழுதினார். எல்லார் பத்திரத்திலும், சேதாரமானால் ஈடு கட்ட, 'மதிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஒருவனுக்கு 'இரண்டு பந்து', இன்னொருவனுக்கு 'ஒரு கோல்வலை' என்று போட்டிருப்பார். என் கட்டம் காலி. "ஒனக்கு ஒரு விசில்கூடத் தேறலியேலே!" என்று கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் வலித்தது.

அந்த வலியிலோ என்னவோ, வள்ளியூரில் வெறிபிடித்து ஆடினேன். கோல் மேல் கோல்! இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டோம். இறுதி ஆட்டம் எங்கே? பாளையங்கோட்டையில், நான் தண்ணீர் தூக்கிய அதே மைதானத்தில். எதிரே யார்? அண்ணாச்சியின் டீம்!

அந்த மைதானத்தில் ஒரே ஒரு தடவை முழு ஆட்டம் ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசையே. ஆனால் ஏழாம் ஷரத்து வழியில் படுத்திருந்தது. வெளிநாட்டு வழக்கத்தைப் பார்த்து அண்ணாச்சி தானாகச் சேர்த்த ஷரத்து அது: இரவல் போன ஆட்டக்காரர் சொந்த கிளப்புக்கு எதிராக ஆடக்கூடாது. வள்ளியூர் கிளப் தலைவர் உரக்கடை வைத்திருப்பவர். அண்ணாச்சியின் கடைக்கே வந்து கெஞ்சினார்.

"இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் விடும்வே."

"எழுதுனது எழுதுனதுதான்வே" என்றார் அண்ணாச்சி. கோப்பைப் பலகையிலிருந்த காலண்டர்களை அப்போதே எடுத்துவிட்டு, பலகையைத் துடைத்து வைத்திருந்தார்.

ஆட்டத்தன்று வேட்டியோடு மைதானத்துக்குப் போனேன். சும்மா நிற்க மனசு வரவில்லை. பழக்கதோஷத்தில் குழாயடியில் குத்தவைத்து, இரண்டு டீமுக்கும் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன்.

"அங்கன என்னலே பண்ணுதே?" பின்னால் அண்ணாச்சி.

"தண்ணி புடிக்கேன், அண்ணாச்சி."

அவர் பாட்டில்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ஸ்கூட்டர் புழுதி பறக்க வந்தது. கையில் முத்திரைத்தாள், மை இன்னும் காயவில்லை.

"பிழைதிருத்தல் பத்திரம்!" என்று கத்தினார். "மேற்படி ஆட்டக்காரர விளையாட மட்டுந்தான் உபயோகிக்கணும்னு ரெண்டாம் ஷரத்து சொல்லுது. இவன் தண்ணி புடிக்கான். ஏழாம் ஷரத்தும் ரெண்டாம் ஷரத்தும் முட்டுது. ஏழாவது கைப்பிழை. அத அடிச்சாச்சு!"

நடுவர் ஒரு சாட்சி, சுண்டல் விற்றவர் இன்னொரு சாட்சி. எங்கள் கிளப் பையன்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இரவல் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

என்ன ஆட்டம் தெரியுமா அது! ஒன்றுக்கு ஒன்று என்று கடைசி நிமிடம் வரை இழுத்தது. இடது பக்கம் பந்து வந்தது. ஒருவனை ஏமாற்றினேன், இன்னொருவனைத் தாண்டினேன், கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். வலை குலுங்கியது!

எல்லாருக்கும் முன்னால் குதித்தது யார் என்கிறீர்கள்? வேட்டி அவிழ, எங்கள் கிளப் பெஞ்சுக்கு முன்னாலேயே அண்ணாச்சி குதித்தார். "அடிச்சிட்டாம்லே! நம்ம பய அடிச்சிட்டாம்லே!" சுற்றியிருந்தவர்கள் முறைத்த பிறகுதான் தோற்றது தன் டீம் என்பதே அவருக்கு உறைத்தது. பைய வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கோப்பை வள்ளியூர் வேனில் ஏறியது. நான் ஏறவில்லை. கூட்டமெல்லாம் கலைந்தும் அண்ணாச்சி மட்டும் பெஞ்சில் இருந்தார். என் இரவல் பத்திரத்தை நீட்டினேன்.

"அண்ணாச்சி, எல்லாருக்கும் மதிப்பு போட்டிய. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் போடல?"

அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"விக்கிற பொருளுக்குத்தாம்லே வெல போடணும்" என்றார். "வாடகைக் காலம் முடிஞ்சுட்டு. காலையில வெள்ளன வந்து சேரு."

விடிவதற்கு முன்பே மைதானத்தில் போய் நின்றேன். அவர் எனக்கும் முன்பே வந்து, பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.