ஆயில் அண்ணனும் ஒரு பி நெகட்டிவும்

உத்திரமேரூர் தாலுகாவில் யார் உடம்பில் என்ன ரத்தம் ஓடுகிறது என்பது கடவுளுக்கு அடுத்தபடியாக ஆயில் அண்ணனுக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் டூ வீலர் மெக்கானிக். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. "யோவ் ஓ பாசிட்டிவ், உன் வண்டி ரெடி!" என்று கத்துவார். மூன்று பேர் எழுந்து போவோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் கொடுத்துவிடுவார். ஷெட்டில் அகப்பட்டவர்களையும் முகாமுக்கு இழுத்துப் போவார்.

"ஆயில் மாத்தாத வண்டி இன்னா ஆவும்? இன்ஜின் ஜாம்! மனுசனும் அப்டித்தான். ரத்தத்துல இரும்பு ஏறிக்கினே கீது. கொஞ்சம் எறக்கினா நெஞ்சு ஃப்ரீயா ஓடும்."

முகாமுக்கு வந்த டாக்டரம்மாவிடமும் இதே பிரசங்கம். அவர் சிரித்துவிட்டார். "இதயத்துக்கு நல்லதா இருக்கலாம்னு சொல்றாங்கண்ணே. இன்னும் உறுதியாகல."

"நீங்க உறுதி பண்ணிக்கினு இருங்க, நான் குடுத்துக்கினு இருக்கேன்" என்று கையை நீட்டினார்.

போன வருஷம் காஞ்சிபுரத்தில் என் தங்கைக்குப் பிரசவம். குழந்தை பிறந்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு பி நெகட்டிவ். கிடைத்ததை எல்லாம் ஏற்றியாயிற்று, இன்னும் வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கும் அதே ரத்தம்தான், ஆனால் முந்தின மாதம்தான் கொடுத்திருந்தார், மறுபடி எடுக்க மாட்டார்கள்.

"இரு, காவாந்தண்டலத்துல இன்னொரு பி நெகட்டிவ் கீது" என்று போனை வைத்தார்.

அந்த ஆளின் பைக் ஷெட்டில் பாதி பிரித்துக் கிடந்தது. ஹெட்லைட்கூட இல்லாத அந்த வண்டியையே முடுக்கிக்கொண்டு போய், வயலில் சேற்றைச் சமன்செய்யப் பரம்படித்துக்கொண்டிருந்தவரை, "வண்டி ரெடி, ட்ரையல் பாக்கலாம், ஏறு" என்று ஏற்றியிருக்கிறார். ட்ரையல் காஞ்சிபுரம் வரை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் சேற்றோடு இறங்கிய அந்த மனிதர், விஷயம் தெரிந்ததும் அண்ணன் மேல் பாய்ந்தார். "இத்த மொதல்லியே சொன்னா நானே ஓடியாந்திருப்பனே, நைனா!"

"சொன்னா குளிச்சிட்டு வரேம்ப. அதுக்கு ஏது டைமு?"

தங்கை பிழைத்தாள். அதைக் கேட்டதும் கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார் ஆயில் அண்ணன். இப்படி ஒரு மனிதரா என்று பிரமித்து நின்றேன்.

ரத்தம் கொடுத்தால் நெஞ்சுக்கு நல்லதா என்பதை டாக்டர்கள் சொல்லட்டும். என் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். அந்த "யோவ்" நாலு நாள் காதில் விழாவிட்டால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.