டயாலிசிஸ் வகை ஆய்வுக்குழு சாதித்தது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த மகத்தான காரியம், எங்கள் மருத்துவமனையில் 'சிறுநீரக மாற்றுக்கு முந்தைய டயாலிசிஸ் வகை ஆய்வுக்குழு' அமைக்கப்பட்டதுதான். அதன் குறிப்பெழுத்தர் நான். ஆகவே பாரபட்சமில்லாமல் சொல்கிறேன்.

சிறுநீரகம் கெட்டவர்களில் சிலருக்கு வாரம் மூன்று நாள் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. சிலர் வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே பையிலிருந்து திரவம் ஏற்றி இறக்கிக்கொள்கிறார்கள். இவர்களில் யாருக்குப் புதுச் சிறுநீரகம் பொருத்தினால் நன்றாக உழைக்கும்? இதுதான் கேள்வி. மெஷின் பிரிவுத் தலைவர் 'மெஷின்' என்றார். பைப் பிரிவுத் தலைவர் பையப் பைய எழுந்து 'பை' என்றார். என்ன ஒரு சிந்தனை!

அப்போதுதான் ஒரு தையல்காரர் சிக்கினார். நாளுக்கு நான்கு பை, இடையிடையே சட்டை தைப்பார். அவருடைய அக்காவின் சிறுநீரகம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியிருந்தது. அடுத்த வாரமே ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தார்கள்.

"அவசரப்படக் கூடாது," என்றார் மெஷின் தலைவர். "ஆறு மாசம் மெஷின்ல போட்டுப் பாக்கலாம்."

"என் பேஷன்டைக் கடத்தப் பாக்கறீங்க!" என்றார் பைத் தலைவர்.

அக்கா கூட்ட அறைக்கே வந்துவிட்டார். "டாக்டர், அவன் எதுல சுத்தம் பண்ணிக்கிட்டா என்ன? குடுக்கப்போறது நான். நாளைக்கே எடுத்துக்கோங்க."

"அம்மா, இது விஞ்ஞானம்," என்றார்கள் இருவரும். அந்த ஆண்டு அவர்கள் ஒத்துப்போன ஒரே வாக்கியம் அது.

தேதி ஒத்திவைக்கப்பட்டது. மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் கூட்டம் முழுக்க, 'வயிறு' என்று எழுதுவதா 'உதரம்' என்று எழுதுவதா என்ற விவாதம். ஒரு பிழையும் இல்லாமல் பதிவு செய்தேன்.

ஏழாம் மாதம் தையல்காரர் வயிற்றில் கிருமி தொற்றியது. மெஷினுக்கு மாற்றினார்கள். மெஷின் தலைவர் அன்று எல்லோருக்கும் கை கொடுத்தார்.

வராந்தாவில் தையல்காரர் என்னை நிறுத்தினார். "சார், இப்ப நான் எந்தக் கட்சி?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். பாதியில் மூச்சு வாங்கியது.

பத்தாம் மாதம், 'இதயம் ஆபரேஷனைத் தாங்காது' என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினோராம் மாதம் அவர் இல்லை.

ஆனாலும் அறிக்கை வெளிவந்தது. நல்ல வழுவழுப்பான தாள். 'வகையால் பெரிய வேறுபாடு தென்படவில்லை. காத்திருப்பு நீள்வதே கெடுதல்.' அரங்கம் அதிரக் கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் அக்கா வந்தார். அறிக்கையில் தம்பியின் பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். எடுத்துக் காட்டினேன். 'பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் நிலை' என்ற கட்டத்தில், என் அழகான கையெழுத்தில், 'தகவல் இல்லை'.

"எப்படி இல்லாமப் போகும்?" அக்கா இடுப்புக்கு மேலே கையை வைத்துக்கொண்டார். "எழுதிக்கோங்க தம்பி. நல்லா வேலை செய்யுது. இன்னும் என்கிட்டதான் இருக்கு."