பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவன் எழுதியது

கருமத்தம்பட்டி,
19.4.97, சனிக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை கதிர்வேலுக்கு மச்சான் செங்கோடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்கா மயிலாத்தாளும் மகள் மோகனப்பிரியாவும் இங்கே சௌக்கியம். சேலத்தில் நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க மருதமலை முருகன் துணையிருப்பான். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு நேற்று நான் பட்ட அவமானம் என் எதிரிக்கும் வரக் கூடாது.

போன வாரம் நீங்கள் போட்ட கடிதத்தை உங்கள் அக்கா எனக்கு மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அல்ல, காதில் ஏறட்டும் என்று. ‘காலம் கெட்டுக் கிடக்கிறது, இனித் தறியை நம்ப முடியாது, கணபதியில் பழைய முதலாளியைப் போய்ப் பாருங்கள், ரோஷம் சோறு போடாது’ என்று எழுதியிருந்தீர்கள். அரசாங்க உத்தியோகத்தில், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி எழுதுவது சுலபம். காலம் கெட்டது எனக்குத் தெரியாதா? நூல் விலை ஏறிக்கொண்டே போகிறது, துணி விலை இறங்கிக்கொண்டே வருகிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டியவன் நான். எங்கள் வீதியில் தறிச் சத்தம் நின்றுபோனதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லையாம். என்னுடைய நாலு தறிகளும் தை மாதமே பல்லடத்துக்காரர் ஒருவரின் லாரியில் ஏறிப் போய்விட்டன. மோகனப்பிரியா பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள், ஜூன் மாதம் அவளைக் காலேஜில் சேர்த்தாக வேண்டும். வேலை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது என்றுதான் கேட்டேன்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். அந்த மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பகுதிக்கு நான்தான் மேஸ்திரி. எங்கள் பகுதியில் ஒரு மண்பானை இருந்தது. அதில் சிறுவாணித் தண்ணீர். கற்கண்டு போட்டது போல இருக்கும். முதலாளி கோவிந்தராஜுலு ஒரு நாள் என்னைக் கேட்காமல் அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட் பக்கத்தில், வாட்ச்மேன் யாகூப் அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “உங்க பக்கம் தண்ணியவிடப் பேச்சுத்தான் அதிகமா ஓடுதுங்க மேஸ்திரி” என்றார். தண்ணீர் குடிக்க வெயிலில் கேட் வரைக்கும் நடக்க வேண்டுமாம்! சாப்பாட்டு மணி அடித்த நேரம். அத்தனை பேர் முன்னிலையில் நான் சொன்னேன்: “இனி இந்தக் கம்பெனியில பச்சத்தண்ணி குடிச்சா எம்பேரு செங்கோடன் இல்லீங்க!” சொல்லிவிட்டு நடந்து வந்துவிட்டேன். யாரோ கை தட்டினார்கள். மணி அடித்த சந்தோஷத்தில் தட்டினார்களோ என்னவோ, நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன். அப்போது ஊரே தறி போட்டுக்கொண்டிருந்தது, நானும் இந்த வீட்டுக்குக் குடிவந்து போட்டேன். மிச்சக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

இப்போது என் சங்கடத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் வாசல் ஏறி வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். அதை வாங்கிக் குடித்தால் பகை தீர்ந்தது, மேற்கொண்டு பேசலாம். வாங்காவிட்டால் பகை பகைதான், பேச்சே கிடையாது. பெண் கேட்டுப் போனாலும் வரப்புத் தகராறு பேசப் போனாலும் இதுதான் சட்டம். முதலாளி வேறு இந்த விஷயத்தில் என்னைவிடப் பிடிவாதக்காரர். தண்ணீர் குடித்தால் என் பேர் போகும், குடிக்காவிட்டால் வேலை போகும். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டிலிருந்தே ஒரு கேனில் தண்ணீர் கொண்டுபோவது, தாகம் எடுத்தால் அதையே குடிப்பது, அங்கே யார் எது கொடுத்தாலும் “இப்பத்தானுங்க குடிச்சேன்” என்று கும்பிட்டுவிடுவது. உங்கள் அக்கா சிரித்தாள். “அந்த உப்புத் தண்ணியவா? அதுல பருப்பே வேகறதில்லீங்க. விடியக்காலம் ஏத்துனா மத்தியானம் வரைக்கும் கல்லு கல்லா முழிக்குது. அதைக் குடிச்சுப்போட்டு நீங்க எப்படிங்க வேலை கேப்பீங்க?” என்றாள். உப்போ கரிப்போ, சொந்த போர்வெல் தண்ணீர் என்று சொல்லிவிட்டு, மோகனப்பிரியாவின் பழைய நீலக் கேனில் கழுத்து வரைக்கும் ரொப்பிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, அதுதான் வினை. முதலாளி இதைச் சொன்னால் நான் அதைச் சொல்வது, அவர் அதைச் சொன்னால் நான் இதைச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் வாய்விட்டும் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். காந்திபுரத்தில் இறங்க வேண்டியவன் உக்கடம் போய்ச் சேர்ந்தேன். அங்கே பசிக்கு ஒரு தேங்காய் பன் வாங்கித் தின்று, வேறு பஸ் பிடித்துக் கணபதி போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

கேட்டில் யாகூப் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். நல்ல மனுஷன். ஆனால் வாயைத் திறந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? “வாங்க மேஸ்திரி, வாங்க! எத்தன நாளாச்சுங்க பார்த்து! மொதல்ல தண்ணி குடிங்க!” அந்தப் பாழாய்ப் போன பானை அங்கேயே அவர் பக்கத்தில், ஈரத் துணி சுற்றிக்கொண்டு, எனக்கென்றே காத்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் கேனைத் தூக்கிக் காட்டினேன். முதலாளி பேங்குக்குப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். வெயிலும் உட்கார்ந்தது. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு என்று கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டிப் போன ஒவ்வொருவனும் பழைய பாசத்தில் எதையாவது நீட்டுகிறான். ஒருவன் டீ, ஒருவன் கலர், லோடு இறக்க வந்த டிரைவர் இளநீர். என்னை முன்னே பின்னே பார்த்தே இராத டிரைவர்! இளநீரில் அந்தக் கம்பெனித் தண்ணீர் இல்லை, குடித்தால் சபதம் கெடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது. அது இன்னொரு வயிற்றெரிச்சல்.

உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போய், கேனை யாகூப்பிடம் கொடுத்துவிட்டு, என் பழைய பகுதியை எட்டிப் பார்க்கப் போனேன். மாப்பிள்ளை, மனசு கேட்கவில்லை. பாதி மெஷின்களுக்கு மேல் சாக்கு மூடிக் கிடக்கிறது. ஓடுகிற பாதியில் சுற்றிய மோட்டார்களும் காயில் கருகித் திரும்பி வந்து, மூலையில் குவிந்து கிடக்கின்றன. எனக்கு வருத்தமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. என்னிடம் வேலை பழகிய மாரியாத்தாள்தான் இப்போது அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். “நீங்க போனதுக்கப்பறம் ரெண்டு மேஸ்திரிங்க வந்து பார்த்துட்டு ஓடிப்போயிட்டாங்கண்ணா” என்று சொல்லி, மோர் ஒரு டம்ளர் நீட்டினாள். மோரில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்டேன். “தண்ணி ஊத்தாத மோரு ஏதுங்கண்ணா?” என்றாள். கும்பிட்டுவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. ஒரு சபதத்துக்காக எத்தனை பேர் மனசைத்தான் நோகடிப்பது? இதற்கெல்லாம் யார் காரணம்? நீங்கள்தான்.

அதற்குள் முதலாளியின் கார் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். கேட்டுக்கு ஓடிப் போய்க் கேனை வாங்கினேன். தூக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. அந்த வெயிலிலும் எவ்வளவு சிக்கனமாகக் குடித்திருக்கிறேன் பாருங்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு உள்ளே போனேன்.

முதலாளி எழுந்து நின்றார். அதைச் சொல்லத்தான் வேண்டும், எழுந்துதான் நின்றார். “வாங்க மேஸ்திரி, உக்காருங்க” என்றார். முடியெல்லாம் வெளுத்திருந்தது. உட்கார்ந்ததும் தன் கூஜாவிலிருந்து தன் கையாலேயே ஒரு டம்ளர் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

“மொதல்ல தண்ணி குடிங்க. அப்பறம் பேசலாமுங்க.”

“மொதல்ல பேசலாமுங்க. அப்பறம் குடிக்கறதப் பத்தி யோசிக்கலாமுங்க.”

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. காற்றாடி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து அந்த உக்கடத்துத் தேங்காய் பன் தன் வேலையைக் காட்டியது. விக்கல்! சாதாரண விக்கல் இல்லை மாப்பிள்ளை, நாற்காலியோடு தூக்கிப் போடுகிற விக்கல். அவர் டம்ளரை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். நான் ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினேன். மறுபடியும் தள்ளினார். மறுபடியும் தள்ளினேன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஆடுகிற ஆட்டமா அது? கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுத்தேன் என் கேனை. அவர் கண் முன்னாலேயே மூடியைத் திருகி, அண்ணாந்து, மடக்கு மடக்கென்று குடித்தேன். அடடா, என்ன ருசி! தேன் மாதிரி இறங்கியது. எதிராளி இடத்தில் உட்கார்ந்து குடித்தால் சொந்த வீட்டு உப்புத் தண்ணீர்கூட இனிக்கும் என்பதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். விக்கல் போன இடம் தெரியவில்லை.

முதலாளி என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு. “நல்லதுங்க. தண்ணி குடிச்சாச்சு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துருங்க” என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைக் கேலி செய்கிறார்! நான் என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறேன், அவர் ‘குடிச்சாச்சு’ என்கிறார்! அவர் ஊற்றிய டம்ளர் அப்படியே நிறைய நிற்கிறது! “இது எங்கூட்டுத் தண்ணிங்க!” என்றேன். “சரிங்க” என்றார். “எங்க போர்வெல்லுங்க!” என்றேன். “இருக்கட்டுமுங்க” என்றார். அந்த ‘இருக்கட்டுமுங்க’வில் இருந்த நக்கலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வேலை கொடுப்பதாக இருந்தால் மரியாதையாகக் கொடுக்க வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். வந்தவனைக் கிண்டல் செய்து அனுப்புவது பெரிய மனுஷன் செய்கிற வேலையா? எழுந்து வந்துவிட்டேன். கேட்டில் யாகூப் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் நிற்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி எனக்குப் புத்திமதி எழுத வேண்டாம். அந்தக் கம்பெனி இருக்கும் திசையில் தலை வைத்தும் படுக்க மாட்டேன். அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டியாவது என் பெண்ணைப் படிக்க வைப்பேன். மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன சொல்லை நேற்று வரைக்கும் காப்பாற்றியிருக்கிறேன். அந்தக் கம்பெனித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் படவில்லை. இதை உங்கள் அலுவலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கும் ஆசீர்வாதம் உண்டு, கோபம் தணிந்த பிறகு தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்றும் இன்றும் என்றும் செங்கோடனாகவே இருக்கும்
உங்கள் மச்சான்
செங்கோடன்

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை. மேலே எழுதியதை மடித்து உறையில் போடும்போது உங்கள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். இலையில் பருப்பு விழுந்தது. மாப்பிள்ளை, பருப்பு வெந்திருந்தது. வெந்தது மட்டுமல்ல, வெண்ணெயாகக் குழைந்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் நான் பார்க்காத பருப்பு. எப்படி என்று கேட்டேன். “கேன்ல நீங்க மிச்சம் வெச்சுட்டு வந்த தண்ணிய வீணாக்குவானேன்னு பருப்புல ஊத்துனேனுங்க. நம்ம தண்ணியில இது வேகுமுங்களா? எங்கீங்க ரொப்புனீங்க?” என்றாள்.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டேன். யாகூப்தான் எடுத்தார். “ஆமாங்க மேஸ்திரி, கேன் காலியாக் கெடந்துச்சுங்க. வெயில்ல வந்தவரு நாக்கு வறண்டு போவீங்களேன்னு பானையில மோந்து ஊத்துனேன். அப்பத்தானுங்க மொதலாளி கார் உள்ள வந்துச்சு. கண்ணாடிய எறக்கிப் பார்த்துட்டு, ‘நெறைய ஊத்து யாகூப்பு’ன்னு சொல்லிட்டுப் போனாருங்க” என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் உங்கள் அக்கா என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமைக்காம். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமென்றால் மனசு வரவில்லை, கோபத்தில் எழுதியது நன்றாக வந்திருக்கிறது. நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடவும். உங்கள் ஆசீர்வாதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சேலம் கடைவீதியில் மூடி இறுக்கமான பெரிய கேன் ஒன்று கிடைத்தால் வாங்கி அனுப்பவும். பருப்புக்குத் தினமும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் வீட்டுக்காரர்
(பேர் எழுதுவதற்கில்லை)