ஒரு ரீடிங் ஆசாமி

ஒரு ரீடிங் ஆசாமிகள் என்றொரு இனம் உண்டு. எதையும் ஒரே ஒருமுறை அளப்பார்கள். பிறகு ஆயுளுக்கும் அளக்க மாட்டார்கள். ஒருநாள் காபி ஆறியிருந்தது என்று அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், மருமகன் ஒருமுறை போனை எடுக்கவில்லை என்று அவருக்குத் திமிர் என்ற செய்தியைக் கடற்கரை மீமிசல் வரை பரப்பி, நிம்மதியாக வாழ்வார்கள். உங்களுக்கும் நாலு பேரைத் தெரிந்திருக்குமே?

எங்கள் திருவரங்குளத்தில் சோலையப்பன். பம்புசெட்டுக்குக் கண்ட்ரோல் பெட்டி செய்து மாட்டுகிறவர். பத்து ஆம்பியரைத் தாண்டினால் பெட்டி மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் சென்சார், ஒயரைச் சுற்றி எழும் காந்தத்தை வைத்துக் கரண்டை அளக்கும். என்ன சங்கடமென்றால், கரண்டு ஏற ஏற அது குறைத்துச் சொல்லும். ஆகவே பல லோடுகளில் அளந்து, எங்கே எவ்வளவு பிசகுகிறதோ அங்கே அவ்வளவு திருத்த வேண்டும். சோலையப்பனா? மூன்று ஆம்பியரில், ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஒத்துப்போனதும், "அம்புட்டுத்தான், இனி எல்லாம் இப்படித்தான்" என்று மூடியைத் திருகிவிடுவார்.

புவனேஸ்வரியின் கடலைக்கொல்லையிலும் அந்தப் பெட்டிதான். செடியின் விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயம்; தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. வோல்டேஜ் இறங்கி மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்த ஒரு மத்தியானம் சோலையப்பனுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, மோட்டாரு தொட முடியாமச் சுடுது. பெட்டி நிறுத்தவே மாட்டேங்குது."

"எத்தனை காட்டுது?"

"ஒம்பது."

"அப்பறம் என்ன? பயப்படாம ஓட்டுங்க."

"மோட்டாரு போனாக் கடலையும் போச்சுண்ணே! இங்கிட்டு வந்து பாருங்க."

வந்தார். கிளாம்ப் மீட்டரை மாட்டினார். பதின்மூன்று! "இந்த மீட்டருக்கு என்ன கேடு?" என்று அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே புகை கிளம்பியது. புவனேஸ்வரி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். எரிந்த கம்பிச்சுருளை மாற்றிக் கட்ட மோட்டார் பட்டறைக்குப் போனது.

அதன்பின் சோலையப்பன் உட்கார்ந்து, ஏழெட்டு லோடுகளில் அளந்து சென்சாரைத் திருத்தினார். தன்னை? "அந்தக் கம்பெனி சென்சாரே மட்டம்ங்க. ஒருதரம் பாத்தாப் போதாதா?" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? ஆள் இப்படித்தான் என்று மனசுக்குள் மூடியைத் திருகியாயிற்றா? மோட்டார் திரும்பி வரும்வரை, தன் கிணற்று மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டி, அந்தக் கடலையைக் காய்க்க வைத்தவரும் இதே சோலையப்பன்தான். அதை நான் இன்னும் சொல்லவே இல்லையே. அதற்குள் உங்களுக்கு ஒரு ரீடிங் போதுமானதாக இருந்திருக்கிறது.